பழுது பார்த்த பிறகும் கொதிக்கும் கார்

ரேடியேட்டர் சுத்தம் செய்தாகிவிட்டது. வாட்டர் பம்ப் புதுசு, ஃபேன் மோட்டாரும் புதுசு. அதன் பிறகும் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறினால் வரும் சலிப்பு, பணம் போன வருத்தத்தைவிடப் பெரியது. சேலத்தில் என் பழைய பெட்ரோல் காரோடு அந்தச் சலிப்பை முழுசாக அனுபவித்தவன் நான். பட்டறை பட்டறையாக நின்று பார்த்துத் தெரிந்துகொண்டதை, இதே அவதியில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

ஒருமுறை நன்றாகக் கொதித்துவிட்ட எஞ்சினில் பெரும்பாலும் இரண்டு பழுதுகள் இருக்கும். கொதிக்க வைத்த காரணம் ஒன்று, கொதித்ததால் வந்த சேதம் இன்னொன்று. அலுமினிய ஹெட் அதிகச் சூட்டில் லேசாக வளைந்துவிடும். அதற்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் கேஸ்கட் எங்காவது ஓர் ஓரத்தில் விட்டுக்கொடுக்கும். அடைத்துக்கொண்ட ரேடியேட்டரை மட்டும் மாற்றினால் உள்ளே கேஸ்கட் வழியாகச் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். கேஸ்கட்டை மட்டும் மாற்றினால், பழைய ரேடியேட்டர் புதுக் கேஸ்கட்டையும் கொஞ்ச நாளில் காலி செய்துவிடும். பழுது பார்த்தும் தீராத கார்களில் பாதிக் கதை இதுதான் என்பது என் அனுபவம்.

அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “எப்போது சூடாகிறது?” டவுனில், சிக்னலில் நிற்கும்போது ஏறி, பைபாஸில் அறுபது எழுபதில் போகும்போது இறங்கினால் காற்றில் குறை: ஃபேன், ரிலே, கண்டன்சரில் அடைந்த தூசி. நின்றால் சரியாக இருந்து, வேகத்திலும் மேட்டிலும் ஏறினால் தண்ணீர் ஓட்டத்தில் குறை: அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த பம்ப், உறிஞ்சுதலில் ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ். காலையில் ஸ்டார்ட் செய்து தெருவைத் தாண்டுவதற்குள் ஏறினால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, இல்லையென்றால் உள்ளே காற்று மாட்டியிருக்கிறது, அதுவும் இல்லையென்றால் கேஸ்கட். என் கார் டவுனுக்குள் ஒழுங்காக ஓடியது. தொப்பூர் கணவாயில் சூடு ஏறியது. ஏற்காடு மலைப்பாதையில் பாதி தூரம்கூடத் தாங்கவில்லை. இதைச் சொல்லியும் முதல் பட்டறையில் ஃபேன் மோட்டாரைத்தான் மாற்றினார்கள்.

அடுத்த பட்டறையில், “நம்மூரு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்குங்க சார், கழட்டிப் போட்டுட்டா சூடே ஏறாது” என்றார் மெக்கானிக். தமிழ்நாடு முழுக்கக் கேட்கக்கூடிய யோசனை இது. நான் ஒப்புக்கொண்டு கழற்ற விட்டேன்; நீங்கள் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். பல பெட்ரோல் கார்களில் தெர்மோஸ்டாட் 82 அல்லது 88 டிகிரியில் திறக்கத் தொடங்கும். அதற்கு முன் எஞ்சினைச் சீக்கிரம் சூடாக்குவது அதன் வேலை. கழற்றிவிட்டால் லேசான ஓட்டத்தில் எஞ்சின் சூடே பிடிக்காது. இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் ஊற்றும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கும். அது இல்லையென்றால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி வரும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது மேட்டில் சூட்டைக் கூட்டும். தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது சுலபம்: பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு தெர்மாமீட்டரும் வைத்துக் காய்ச்சினால் எந்த டிகிரியில் திறக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

என் காரின் உண்மையான சேதம் தெரிந்தது ஒரு காலை நேரத்தில். ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சின். ரேடியேட்டர் மூடியை மெல்லத் திருப்பினால் “உஸ்” என்று காற்று வெளியே வந்தது. ஆறிய எஞ்சினில் அழுத்தம் இருக்கக் கூடாது. மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைப் பிடித்தேன். ஹோஸ் இன்னும் வெதுவெதுப்புக்கூட ஆகவில்லை, அதற்குள் விரலால் அமுக்க முடியாதபடி விறைத்துவிட்டது. ஆக்ஸிலேட்டரைத் தட்டும்போதெல்லாம் ரிசர்வ் டப்பாவில் குமிழிகள் சீராக வந்தன. தண்ணீர் சூடாகாமல் ஆவி அழுத்தம் வர வழியே இல்லை. அப்படியானால் அது சிலிண்டருக்குள் எரிந்த வாயு, கேஸ்கட்டைத் தாண்டித் தண்ணீருக்குள் வருகிறது. இந்த வாயு உள்ளே குமிழியாகத் தேங்கி நிற்கும் இடத்தில் தண்ணீர் உலோகத்தைத் தொடாது. அங்கேதான் சூடு எகிறும். ஆயிலில் பால்போல வெளுப்பு இல்லை, சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை, “அதனால கேஸ்கட் நல்லாத்தான் இருக்கு” என்று அதுவரை எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேஸ்கட் விடும் இடத்தைப் பொறுத்து அந்த இரண்டு அடையாளமும் இல்லாமலே போகலாம்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு சோதனை இருக்கிறது. நீலநிறத் திரவம் ஊற்றிய கண்ணாடிக் குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து, மேலே வரும் காற்றை அந்தத் திரவம் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டால் நீலம் மஞ்சளாகும். தண்ணீர் குழாய்க்குள் ஏறிவிடாதபடி ரேடியேட்டரில் மட்டத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். ஹெட்டைக் கழற்றச் சொல்லும் யாரிடமும் முதலில் இந்தச் சோதனையைக் கேளுங்கள்.

ஹெட் கழன்று லேத்துக்குப் போனபோது கூடவே போனேன். லேத்துக்காரர் நேர்விளிம்புப் பட்டையை ஹெட்மேல் குறுக்காக வைத்து, பின்னால் விளக்கைக் காட்டினார். நடு சிலிண்டர் பக்கம் முடி அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. ஃபீலர் கேஜில் 0.05 மில்லிமீட்டர் தகடு தடையில்லாமல் உள்ளே போயிற்று. பல சின்ன கார்களுக்கு அதுதான் கடைசி வரம்பு. ஃபேஸிங் செய்து, ஹெட்டில் விரிசல் இருக்கிறதா என்று காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்த பிறகே திரும்ப வாங்கி வந்தோம். மாட்டும்போது கவனிக்க வேண்டியவை: புதுக் கேஸ்கட்டைத் தலைகீழாகவோ திருப்பியோ வைத்தால் தண்ணீர்த் துளைகள் அடைபடும், பிளாக்கின் போல்ட் குழிகளில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருக்கக் கூடாது, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக, டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முறுக்க வேண்டும். கைக்கணக்கில் முறுக்குபவர் எவ்வளவு அனுபவசாலியானாலும் இந்த ஒரு வேலையில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சேதம் கிடைத்தது, காரணம்? இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ரேடியேட்டர்மேல் வரிசை வரிசையாகக் காட்டியதில் கீழ்ப்பகுதிக் குழாய்கள் மற்றவற்றைவிட நன்றாகவே ஆறிக் கிடந்தன. சுடுதண்ணீர் அங்கே போகவே இல்லை. எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரை வருஷக்கணக்காக ஊற்றியதில் உள்ளே உப்பு படிந்து அடைத்திருந்தது. வெளியே பிரஷர் வாஷ் அடிப்பதைத்தான் முன்பு “ரேடியேட்டர் கிளீனிங்” என்று பில்லில் எழுதியிருந்தார்கள். ஒழுகலை நிறுத்த மஞ்சள்தூள் போடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. அந்தத் தூள் ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காது, மெல்லிய குழாய்களையும் அடைக்கும். புது ரேடியேட்டர் போட்டு, கழற்றிய இடத்தில் தெர்மோஸ்டாட்டையும் திரும்ப வைத்து, டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட் ஊற்றிய பிறகுதான் விஷயம் முடிந்தது.

ரேடியேட்டர் மூடியை யாரும் பொருட்படுத்துவதில்லை. அது குக்கர் வெயிட் செய்யும் வேலையைத்தான் செய்கிறது. 0.9 பார் என்று போட்டிருக்கும் மூடி சரியாகப் பிடித்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் செத்துப்போன மூடியோடு ஏற்காடு போனால், ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஃபேன் ஓடத் தொடங்கும் சூடே கிட்டத்தட்ட அவ்வளவுதான். சில நூறு ரூபாய்ச் சாமான். மற்ற எதையும் தொடுவதற்கு முன் மாற்றிப் பாருங்கள்.

என் மச்சான் காரின் கதை வேறு. முன்பக்கம் இடித்து, டிங்கர் வேலை முடிந்து வந்ததிலிருந்து டிராஃபிக்கில் சூடானது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் கிரில்லுக்கு முன்னால் ஒரு செய்தித்தாள் துண்டை வைத்துப் பார்த்தேன். உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டிய தாள் வெளியே பறந்தது. வயர் இரண்டையும் மாற்றிக் கொடுத்திருந்ததில் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றியது. ரேடியேட்டரின் ஓரத்தில் இருந்த ஸ்பாஞ்ச் பட்டைகளும் திரும்ப வரவில்லை. காற்று ரேடியேட்டருக்குள் நுழையாமல் இடைவெளி வழியாகச் சுற்றிப் போனது. வேலை முடிந்த பிறகு வந்த பழுது என்றால், செய்த வேலையிலேயே முதலில் தேடுங்கள்.

கூலன்ட் நிரப்புவதும் வேலையில் சேர்ந்ததுதான். காரின் மூக்கு கொஞ்சம் உயர்ந்திருக்கும்படி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஏர் வெளியேற்றும் ஸ்க்ரூ இருந்தால் அதைத் தளர்த்தி, மெதுவாக ஊற்ற வேண்டும். ஹீட்டரில் குளிர்காற்றே வந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது என்று பொருள். ஓட்டும்போது முள்ளை மட்டும் நம்ப வேண்டாம். ஓபிடி சாக்கெட் உள்ள கார் என்றால் ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் சரியான டிகிரியை போனிலேயே காட்டும். வழியில் கொதித்தால் ஏசியை அணைத்து, ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்துங்கள். நன்றாக ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள். சூடான எஞ்சின்மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பட்டறைக்குப் போகும்போது எங்கே, எந்த வேகத்தில், ஏசி போட்டா போடாமலா சூடானது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வேலை முடிந்ததும் பட்டறைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டுச் சாவியை வாங்க வேண்டாம். எந்த மேட்டில் சூடானதோ அதே மேட்டில் ஏசி போட்டு ஏற்றிப் பார்த்து, மறுநாள் காலை ஆறிய எஞ்சினில் கூலன்ட் மட்டம் இறங்கவில்லை என்று தெரிந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.