செஞ்சியில் மல்லிகைக் கவாத்து

மேல்நாட்டுத் தோட்டக்கலை நூல்கள் ஆண்டை வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் எனப் பகுத்துக்கொண்டு வேலை சொல்லும். செஞ்சியில் அந்தக் கணக்கு உதவாது. இங்கே தோட்டத்தின் ஆண்டு மழையை ஒட்டியே அமைகிறது. ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவமழை; ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. தை பிறந்துவிட்டால் வானத்தை நம்ப இயலாது. சித்திரையிலோ, பகலெல்லாம் காய்ந்த இராஜகிரியும் கிருஷ்ணகிரியும் இரவிலும் அனல் வீசும்.

“செடி தழைத்துக் கிடக்கிறது, பூவைத்தான் காணோம்” என்பது குண்டுமல்லி வளர்ப்போர் பலரும் கூறும் குறை. காரணம் எளிது. மல்லிகை புதுத் தளிரிலேதான் பூக்கும். முதிர்ந்த கிளை இலையை மட்டுமே தரும். கிளை நுனியில் சுரக்கும் ஆக்ஸின் என்னும் வளர்ச்சி ஊக்கி கீழிறங்கி, பக்க மொட்டுகளை உறங்க வைக்கிறது. நுனியை வெட்டினால் அவை விழிக்கின்றன. கவாத்தின் தத்துவம் இவ்வளவே.

குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், ஜாதிமல்லிக்கு டிசம்பர் பிற்பகுதி, முல்லைக்கு ஜனவரி இறுதி என்பது வேளாண்மையாளர் வகுத்த காலம். குண்டுமல்லியின் கிளைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி, தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரத்தில் கூரிய கத்தரியால் வெட்ட வேண்டும். பின்னர் செடிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரம் இட்டால் பங்குனி முதல் ஆனி வரை பூ உண்டு. வெட்டினால் செடி பட்டுப்போகும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பதுண்டு. அந்த அச்சம் சித்திரை வெயிலில் வெட்டுவோருக்கே பொருந்தும்.

ஆயினும் நாட்காட்டியை மட்டும் பார்த்துக் கத்தரியை எடுக்கலாகாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, நமக்கு அண்மையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய ஈரத்தில் வெட்டுவாயில் பூஞ்சணம் பற்றும். தேங்கிய நீரில் வேர் அழுகும். முதலில் வடிகால் வெட்டுக. நான்கு நாள் வெயில் கண்டபின் கவாத்து செய்க. சில நாள் பிந்துவதால் பெரும் நட்டமில்லை.

செம்பருத்திக்கும் அரளிக்கும் மழை ஓய்ந்தபின் இலேசான கவாத்தே போதும். வேம்பு, புங்கன் கன்றுகளை ஆடியில் நட்டால் இரு மழையிலும் வேர் பிடித்துவிடும். கோடையில் பாத்தி நீர் ஆவியாகாமல் காக்கச் சருகு மூடாக்கு வேண்டும். மாசியில் உதிரும் அந்தச் சருகைத்தான் பலர் கூட்டிக் கொளுத்திவிடுகிறார்கள்!