விரல் மட்டும் படித்தால் போதுமா?

கேள்வி: ஓராண்டாக ஒரு நாள்கூட விடாமல் மொபைல் கேமில் ஜெர்மன் படிக்கிறேன். கேமில் எல்லாம் சரியாக வருகிறது. வகுப்பில் ஆசிரியை கேட்டால் ஒரு வாக்கியம்கூட வாயில் வரவில்லை. ஏன்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: படித்தது வீண்போகவில்லை, கவலையை விடுங்கள். காது பழகியிருக்கும், சொல்லைப் பார்த்ததும் அடையாளம் தெரியும். ஆனால் நான்கு சொற்களைத் திரையில் காட்டி ஒன்றைத் தொடச் சொல்லும்போது விடை கண்ணெதிரேயே கிடக்கிறது. அதை நினைவிலிருந்து தேடி எடுக்கும் வேலையை மூளை செய்வதே இல்லை. பேசுவதற்கு வேண்டியது அந்த வேலைதான். கார்பிக்கி, ரோடிகர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஸ்வாஹிலிச் சொற்களைக் கற்பித்துப் பார்த்து, 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒருமுறை சரியாகச் சொன்ன சொல்லையும் விடாமல் திரும்பத் திரும்ப நினைவிலிருந்து எடுத்தவர்களுக்கு, ஒரு வாரம் கழித்து 100-க்கு ஏறக்குறைய 80 சொற்கள் நின்றன. சரியாகச் சொன்னதும் சோதிப்பதை நிறுத்திவிட்டு, பார்த்துப் படிப்பதை மட்டும் தொடர்ந்தவர்களுக்கு அது 35-ஐ ஒட்டியே இருந்தது. ஆகவே உங்கள் ஆப்பில் தட்டச்சு செய்யும் வசதி இருந்தால் அதற்கு மாறுங்கள். இல்லையென்றால், விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு முழு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொன்ன பிறகே தொடுங்கள். ஒரு பாடம் முடிக்க அதிக நேரம் பிடிக்கும், புள்ளிப் பட்டியலில் பின்தங்குவீர்கள். பரவாயில்லை.

கேள்வி: காலை வாக்கிங்கில் இயர்போன் போட்டு பிரெஞ்சுப் பாடம் கேட்கிறேன். உடம்பும் அசைகிறது, மொழியும் வருகிறது. இது போதும்தானே?
– வாசகர், கோவை

பதில்: போதாது. கேட்டதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிக்கொண்டே நடங்கள். சாலையைக் கடக்கும்போது இயர்போனைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்காக மொழி வகுப்பில் சேர்ந்தேன். முதல் வாரம் முழுக்க ‘எழுந்திரு, உட்கார், கதவைத் திற’ என்று ஆட வைத்தே ஓட்டிவிட்டார்கள். பால்வாடிப் பிள்ளைகள் மாதிரி கூச்சமாக இருக்கிறது. பணம் கட்டியது இலக்கணம் படிக்கத்தானே?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: நல்ல வகுப்பில்தான் சேர்ந்திருக்கிறீர்கள், விட்டுவிடாதீர்கள். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் உளவியல் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் வகுத்த முறை இது. கற்பவர் முதலில் பேச வேண்டியதில்லை. புது மொழியில் வரும் கட்டளையைக் கேட்டு உடனே செய்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். இது சின்னப் பிள்ளைகளுக்கானது என்ற நினைப்பை ஆஷரே சோதித்துப் பார்த்துவிட்டார். ரஷ்ய மொழியைச் சிறுவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் இப்படிக் கற்பித்தபோது, கேட்டுப் புரிந்துகொள்வதில் பெரியவர்களே முந்தினார்கள்.

இலக்கணம் எங்கே என்கிறீர்கள். ஒரு டம்ளரை எடுத்து மேஜை மேல் வைத்துக்கொண்டே ‘இஷ் ஷ்டெல்ல டாஸ் கிளாஸ் அவ்ஃப் டேன் டிஷ்’ என்று சொல்லுங்கள். கையை எடுத்துவிட்டு, அது நிற்பதைப் பார்த்து ‘டாஸ் கிளாஸ் ஷ்டேட் அவ்ஃப் டேம் டிஷ்’ என்று சொல்லுங்கள். ஓர் இடத்துக்குக் கொண்டுபோய் வைக்கும்போது ‘டேன்’, அங்கேயே இருக்கும்போது ‘டேம்’. இதையே வேற்றுமை அட்டவணையாக உருப்போட்டு, பேசும்போது எது எங்கே என்று திணறுகிறவர்கள் ஏராளம். இங்கே கை செய்வதும் வாக்கியம் சொல்வதும் ஒன்று என்பதால்தான் மனதில் பதிகிறது. மானுவேலா மாசிடோனியா என்ற ஆய்வாளரும் சகாக்களும் இதற்கென்றே புனைந்த மொழியின் சொற்களைச் சைகையோடு கற்பித்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். பொருளைக் காட்டும் சைகையோடு கற்ற சொற்கள் நன்றாக நின்றன. பொருளுக்குச் சம்பந்தமில்லாத அசைவோடு கற்றவை அந்த அளவு நிற்கவில்லை. எனவே சும்மா குதிப்பதையும் போனை ஆட்டிப் புள்ளி சேர்ப்பதையும் மொழிப் பயிற்சி என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

கட்டளைகளை வைத்தே பி2 என்ற மொழித்திறன் நிலை வரை போய்விட முடியுமா? முடியாது. காரணம் காட்டிப் பேசுவது, கடிதம் எழுதுவது, மாற்றுக் கருத்து சொல்வது எல்லாம் உட்கார்ந்து படித்தால்தான் வரும். ஆஷர் முறைக்குத் தொடக்க மாதங்களில்தான் வலு. ஆனால் நோயாளியிடம் நாள் முழுக்க நீங்கள் சொல்லப்போவதில் பாதி இந்தக் கட்டளைகள்தானே! ‘ஹேபென் ஸீ பிட்டெ டேன் ஆர்ம்’ என்றால் கையைத் தூக்குங்கள்; ‘ட்ரேயென் ஸீ ஸிஷ் அவ்ஃப் டீ ஸைட்டெ’ என்றால் ஒருக்களித்துப் படுங்கள். வகுப்பில் ‘நீ’ போட்டு வரும் கட்டளைகளை இப்போதே ‘நீங்கள்’ போட்டு மாற்றி, பக்கத்தில் இருப்பவரைச் செய்யச் சொல்லுங்கள். அவர் தப்பாகத் திரும்பினால், சொன்னதில் பிசகு உண்டா என்று அங்கேயே பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: ஜப்பானிய மொழியில் ஜே.எல்.பி.டி. என்4 தேர்வு எழுதப்போகிறேன். அதில் பேச்சுத் தேர்வே கிடையாது. கேம் மட்டும் போதாதா?
– வாசகர், ஓசூர்

பதில்: கொடுத்த விடைகளில் ஒன்றைக் குறிக்கிற தேர்வு அது. அதனால் கேமில் பெறும் பழக்கம் அங்கே ஓரளவு கைகொடுக்கும். வேலைக்கு எடுப்பவர் அப்படிக் கேட்கமாட்டார். டீ போடும்போது தண்ணீர் ஊற்றுகிறேன், அடுப்பைப் பற்றவைக்கிறேன் என்று ஒவ்வொன்றையும் ஜப்பானியத்தில் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். வாயில் வராமல் நிற்கும் வினைச்சொல்லைக் குறித்துவையுங்கள். அன்று இரவு படிக்க வேண்டியது அதைத்தான்.

கேள்வி: என் எட்டு வயது மகனுக்கு இங்கிலீஷ் படிக்க எந்த ஆப் நல்லது?
– வாசகி, சேலம்

பதில்: எதுவானாலும் சரி, பக்கத்தில் நீங்கள் உட்கார வேண்டும், அம்மா. அன்று கற்ற சொற்களை வைத்து அவன் உங்களுக்குக் கட்டளை போடட்டும். நீங்கள் எழுந்து செய்யுங்கள்.