வேரைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுங்கள்

ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் பெரும்பாலும் பூவோடுதான் வீட்டுக்கு வரும். வளைந்த தண்டில் ஏழெட்டுப் பூ, அடியில் தடித்த நாலைந்து இலை, பளபளப்பான பீங்கான் தொட்டி. இரண்டு மாதம் கூடத்துக்கே களை வந்துவிடும். கடைசிப் பூ உதிர்ந்ததும், ‘அவ்வளவுதான், இனி பூக்காது’ என்று பால்கனி மூலையில் ஒதுக்கிவிடுகிறோம். அது மறுபடியும் பூக்கும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் வருஷாவருஷம் பூக்கும்.

நான் வளர்த்த முதல் செடி நாலே மாதத்தில் செத்துப்போனது. இலைகள் சுருங்கித் துவண்டதைப் பார்த்து, தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினேன். கடைசியில் தொட்டியிலிருந்து உருவிப் பார்த்தால் வேரெல்லாம் பழுப்பேறிக் கொழகொழத்துக் கிடந்தது. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். மேல்தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்தது, உள்ளே மெல்லிய நார் மட்டும் மிஞ்சியது. வேர் அழுகிவிட்டால் செடிக்குக் குடிக்க வாயே இல்லை. தண்ணீருக்குள் நின்றபடியே தாகத்தில் வாடியிருக்கிறது பாவம்.

காட்டில் இந்தச் செடி மண்ணையே பார்த்திருக்காது. வடகிழக்கு இந்தியா தொடங்கி பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வரை மழைக்காட்டு மரக்கிளைகளைப் பற்றிக்கொண்டு வளரும் தொற்றுச்செடி இது. மரத்தின் சாற்றை உறிஞ்சாது, பிடித்துக்கொள்ள மட்டுமே மரம் வேண்டும். மழை பெய்தால் வேர் முழுக்க நனையும், நின்றதும் காற்றில் உலரும். வீட்டில் நாம் செய்யவேண்டியதும் இதுதான்: நன்றாக நனைப்பது, பிறகு உலர விடுவது.

வாங்கி வந்ததும் முதலில் அந்தப் பீங்கான் தொட்டிக்குள் எட்டிப்பாருங்கள். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தொட்டி தனியாக இருக்கும். பீங்கானின் அடியில் ஓட்டை இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம். ஊற்றும் தண்ணீர் எல்லாம் அடியில் தேங்கும். பிளாஸ்டிக் தொட்டி கண்ணாடிபோல் இருந்தால் நல்லது, வேரின் நிறம் வெளியிலிருந்தே தெரியும். அந்த நிறந்தான் முக்கியம். வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு. உலர்ந்திருந்தால் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் இருக்கும், நனைந்தால் சில நொடிகளில் பச்சையாக மாறும். பச்சையாக இருக்கும்வரை தண்ணீர் வேண்டாம். வெளுத்த பிறகு ஊற்றினால் போதும். வாரத்துக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். சித்திரையில் மூன்று நாளில் உலரும் தொட்டி, ஐப்பசி மழையில் பத்து நாள் ஈரமாகவே இருக்கும்.

தண்ணீரைக் காலையில் கொடுங்கள். உள்தொட்டியை மட்டும் எடுத்து வாளித் தண்ணீரில் பத்து நிமிஷம் அமிழ்த்தி வைத்து, பிறகு சொட்டு நிற்கும்வரை வடியவிட்டு, பீங்கானுக்குள் திருப்பி வையுங்கள். இலைகள் கூடும் நடுக்குருத்தில் தண்ணீர் தங்கினால் துணி நுனியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். குருத்து அழுகினால் அந்தச் செடியைக் காப்பாற்றுவது கஷ்டம். உப்புத் தண்ணீர் வரும் வீட்டில் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

கிழக்குப் பார்த்த ஜன்னல்தான் இதற்கு மிகப் பொருத்தமான இடம். காலை இளவெயில் ஒரு மணி நேரம் பட்டால் தவறில்லை. மேற்கு வெயிலென்றால் மெல்லிய திரை கட்டாயம். சந்தேகமாக இருந்தால் மத்தியானம் இலையைத் தொட்டுப்பாருங்கள். கைக்குச் சூடாகத் தெரிந்தால் உள்ளே தள்ளி வையுங்கள், இல்லையென்றால் இலை வெந்து கறுத்துப்போகும். இலை கரும்பச்சையாகவே இருந்து பூக்காமல் நின்றால் வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். ஏசி காற்று நேராகப் படக்கூடாது.

உரம் கொஞ்சம் போதும். கடைகளில் கிடைக்கும் 19:19:19 கரையும் உரத்தை ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம் கலந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வேர் நனைந்த பிறகு ஊற்றுங்கள். காய்ந்த வேரில் ஊற்றினால் நுனி கருகும். இலையடியில் மாவுப்பூச்சி தென்பட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பூ முடிந்த பிறகு, தொட்டி மாற்றவேண்டும். செம்மண், கோகோபீட் இரண்டுமே கூடாது. அடுப்புக்கரித் துண்டு, ஓட்டுச் சில்லு, கட்டைவிரல் அளவுக்கு வெட்டிய தேங்காய் மட்டைத் துண்டு, கிடைத்தால் பைன் மரப்பட்டை, இவை போதும். மட்டையை இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, பழுப்புத் தண்ணீரைத் தினமும் கொட்டி மாற்றிய பிறகே பயன்படுத்துங்கள். பழைய தொட்டியிலிருந்து செடியை எடுத்ததும் ஒவ்வொரு வேராக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருப்பதை விட்டுவிட்டு, பொதபொதவென்று இருப்பதை மட்டும் தீயில் காட்டி ஆறவைத்த கத்தரியால் வெட்டுங்கள். தொட்டிக்கு வெளியே நீளும் வேர்களை உள்ளே திணிக்கவேண்டாம். காற்றில் தொங்குவதுதான் அவற்றின் இயல்பு.

பூத்து முடிந்த தண்டு பச்சையாகவே இருந்தால், அடியிலிருந்து மூன்றாவது கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். சில சமயம் அந்தக் கணுவிலிருந்தே கிளை விட்டுப் பூக்கும். செடி இளைத்திருந்தால் அடியோடு வெட்டி ஓய்வு கொடுப்பதே மேல் என்பேன்.

மறுபடி பூக்க வைப்பதுதான் சமவெளியில் இருப்பவர்களுக்குச் சிரமமான கட்டம். பகல் வெப்பம் 28 டிகிரிக்கு மேலேயே நீடித்தால் இச்செடி இலையாக விட்டுக்கொண்டிருக்குமே தவிர பூத்தண்டு விடாது. 25 டிகிரியை ஒட்டிய பகலும் அதைவிடக் குளிர்ந்த இரவும் நாலைந்து வாரம் தொடர்ந்து கிடைக்கவேண்டும். பெங்களூர், ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது தானாகவே அமைந்துவிடும். சென்னை, மதுரையில் மார்கழியையும் தையையும் விட்டால் வேறு வழியில்லை. அந்த இரண்டு மாதம் வீட்டிலேயே குளுமையான, ஆனால் வெளிச்சமுள்ள அறையில் வையுங்கள். பகலில் ஏசி ஓடும் அறையென்றால் இன்னும் நல்லது.

அடியிலைகளுக்கு நடுவே புதிதாக ஒரு முனை எட்டிப்பார்த்தால், அது வேரா பூத்தண்டா என்று முதல் வாரம் குழப்பமாக இருக்கும். வேரின் நுனி உருண்டு பளபளக்கும். பூத்தண்டின் நுனி சற்றுத் தட்டையாக, ஒன்றின் மேல் ஒன்று மூடிய செதிலோடு, மேல்நோக்கிப் போகும். அப்படித் தெரிந்ததும் தொட்டியைத் திருப்பாதீர்கள். தண்டு வெளிச்சத்தைப் பார்த்து வளர்வதால் திருப்பத் திருப்பக் கோணலாகிவிடும். ஒரு சாண் வளர்ந்ததும் மூங்கில் குச்சியில் தளர்வாகக் கட்டுங்கள். மொட்டு விரிய இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் மாம்பழக் காலம் வந்துவிடும். பழக்கூடையை அந்த மேசையில் வைக்காதீர்கள். பழுக்கும் மாம்பழமும் வாழைப்பழமும் விடும் எத்திலீன் வாயு பட்டால், அத்தனை நாள் காத்திருந்த மொட்டுகள் விரியாமலே மஞ்சளாகி உதிர்ந்துவிடும்.