அயல் திறவுகோலும் அனாதை வரிசைகளும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்)

தகவல்களை அட்டவணைகளாக வகுத்து, அவற்றிடையே உறவு அமைக்கும் முறையை 1970-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளர் எட்கர் காட் வெளியிட்டார். அம்முறையின் காவலாக விளங்குவது அயல் திறவுகோல் கட்டுப்பாடு. அதை நீக்குவது பற்றி ஈண்டுக் காண்போம்.

ஒரு கல்லூரியில் மாணவர் அட்டவணை ஒன்றும், மதிப்பெண் அட்டவணை ஒன்றும் இருப்பதாகக் கொள்வோம். மதிப்பெண் அட்டவணையிலுள்ள பதிவு எண், மாணவர் அட்டவணையைச் சுட்டுகிறது. எனவே அஃது அயல் திறவுகோல். 'மாணவர் அட்டவணையில் இல்லாத எண்ணுக்கு மதிப்பெண் பதியாதே. மதிப்பெண் உள்ள மாணவரை நீக்காதே' என்பதே கட்டுப்பாடு.

ஏன் நீக்குகின்றனர்?

பல்லாயிரம் பழைய பதிவுகளை ஒருங்கே ஏற்றும்போது, ஒவ்வொரு வரிசையையும் சோதிப்பதால் வேலை தாமதமாகும். அட்டவணையின் அமைப்பை மாற்றும்போதும் கட்டுப்பாடு குறுக்கே நிற்கும்.

நீக்கும் முறை

முதலில் கட்டுப்பாட்டின் பெயரை அறிதல் வேண்டும். நாம் பெயரிடாவிடில் கணிப்பொறியே ஒரு பெயர் சூட்டியிருக்கும். 'ஆல்ட்டர் டேபிள்' என்பதுடன் அட்டவணையின் பெயரையும், 'டிராப் கன்ஸ்ட்ரெயின்ட்' என்பதுடன் கட்டுப்பாட்டின் பெயரையும் எழுதினால் அது நீங்கிவிடும். மை எஸ்.கியூ.எல். மென்பொருளில் 'டிராப் ஃபாரின் கீ' என்று எழுதுவதே வழக்கம்.

பின்விளைவு

நீக்கியபின் மதிப்பெண்கள் அழிவதில்லை. எல்லாம் முன்போலவே தோன்றும். அபாயமும் இதில்தான் உள்ளது. 417 என்னும் எண்ணை ஒருவர் 4117 எனத் தட்டச்சு செய்தால், அப்படி ஒரு மாணவர் இல்லாதபோதும் கணிப்பொறி ஏற்றுக்கொள்ளும். தாய் இல்லாத அவ்வரிசையை அனாதை வரிசை என்பர். 417-க்கு உரிய மாணவியின் பட்டியலிலோ அப்பாடம் வெறுமையாக நிற்கும். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதித்த எம் போன்றோர் இல்லங்களில் மதிப்பெண் பட்டியலே சொத்து. ஒரு கட்டம் காலியானால் மேற்படிப்பே கைநழுவிப் போகலாம்.

அனாதை வரிசை ஒன்று இருப்பினும், கட்டுப்பாட்டை மீண்டும் இடும்போது கணிப்பொறி பொதுவாக மறுத்துவிடும். அம்மறுப்பு நமக்கு நன்மையே. மை எஸ்.கியூ.எல்.லில் கட்டுப்பாட்டை நீக்காமல், சோதனையை மட்டும் நிறுத்திவைக்கவும் இயலும். ஆனால் சோதனையை மீண்டும் தொடங்கும்போது, இடையில் நுழைந்த வரிசைகளை அது திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே இவ்வழியில் பிழை ஓசையின்றித் தங்கிவிடும்.

எனவே நீக்குமுன் கட்டுப்பாட்டின் பெயரையும் அமைப்பையும் குறித்துக்கொள்க. பணி முடிந்ததும் அனாதை வரிசைகளைத் தேடித் திருத்துக. அன்றே கட்டுப்பாட்டை மீண்டும் இடுக. வண்டி நுழைய வேலியைப் பிரித்தவரே, பொழுது சாயுமுன் அதைக் கட்டிவிடுதல் முறையாகும்.