பிள்ளைக்கு ஒரு தொழில்: அணுபுரம் வட்டாரத்துப் பெற்றோருக்கு

பள்ளிப் படிப்பு முடிந்த பிள்ளையை அடுத்து எந்தத் தொழிலில் சேர்ப்பது என்ற விசாரம் அணுபுரத்திலும், அதைச் சூழ்ந்த கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமங்களிலும் வீட்டுக்கு வீடு உண்டு. ஆயினும் அந்தப் பிள்ளை பார்வை குறைந்தவனாகவோ, காது கேளாதவளாகவோ இருந்துவிட்டால், மாதாந்தர உதவித்தொகை கிடைத்தால் போதும் என்று அந்த விசாரத்தையே கைவிட்டுவிடுகிறோம். இது பெரும் அநியாயம் என்பது என் திடமான அபிப்பிராயம். தொழில் தேடும் மார்க்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் ஒன்றே. மாற்றுத்திறனாளிக்கு அம்மார்க்கத்தில் சில சட்ட உரிமைகள் கூடுதலாக உண்டு. ஆகையால் இரு சாராருக்கும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

முதற்காரியம் ஆவணங்களைச் சீர்செய்து வைத்துக்கொள்வது. கல்விச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவை எல்லோருக்கும் வேண்டும். மாற்றுத்திறனாளிக்கு இவற்றோடு யு.டி.ஐ.டி. என்னும் தேசிய அடையாள அட்டையும் அவசியம். அதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். 1995-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே அங்கீகரித்திருந்தது. 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்த 2016-ஆம் வருஷத்துச் சட்டமோ ஆட்டிசம், கற்றல் குறைபாடு முதலியவற்றையும் சேர்த்து 21 வகைகளை ஏற்றுக்கொண்டது. எனவே, முன்னொரு காலத்தில் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மனம் சோராமல் மீண்டும் விண்ணப்பிக்கலாம். இட ஒதுக்கீட்டைப் பெறக் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். அட்டை கைக்கு வந்தவுடன் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பிக்க வேண்டும். வேலையற்றோர் உதவித்தொகை பெற மற்றவர் ஐந்தாண்டு காத்திருக்க, மாற்றுத்திறனாளிக்குப் பதிவு செய்து ஓராண்டு நிறைந்தால் போதுமானது.

அடுத்தது, எந்தத் தொழில் என்று தெரிந்தெடுப்பது. இதிலேதான் நாம் அதிகம் அவசரப்படுகிறோம். பிள்ளையின் குறைபாட்டின் பெயரைக் கேட்டவுடன் ஒரு தொழிலை விதித்துவிடாமல், அவனை அழைத்துக்கொண்டு போய் வேலை நடக்கும் இடங்களைக் காட்டுங்கள். மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் உளியின் ஓசை நாளெல்லாம் ஓயாது. அந்த இரைச்சலைத் தாங்காத பிள்ளைக்கு அவ்விடம் உகந்ததன்று, ஆனால் செவிப்புலனற்றும் கைநுட்பம் வாய்ந்த ஒருவனுக்கு அதுவே உசிதமான இடமாகலாம். கடற்கரைச் சாலையிலுள்ள விடுதிகளில் சமையல், சலவை, தோட்டம் என்று ஒரே கூரையின் கீழ்ப் பலவகைப் பணிகள் உள்ளன. எத்தனை நேரம் நிற்கிறான், எதைத் தானாகவே மறுபடியும் தொட்டுப் பார்க்கிறான், எந்த இடத்தில் முகம் வாடுகிறான் என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். முடிவு கூறும் உரிமை பிள்ளையினுடையது.

பயிற்சிக்குத் தொலைதேசம் போக வேண்டியதில்லை. செங்கல்பட்டு அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணமின்றித் தொழில் கற்கலாம். மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் முதலிய பிரிவுகளில் தேறியவர்களை 1961-ஆம் வருஷத்துப் பழகுநர் சட்டப்படி பழகுநராக எடுத்துக்கொள்ளும் அறிவிப்புகளைக் கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் வெளியிடுவதுண்டு, அவற்றைத் தவறவிடலாகாது. மத்திய அரசின் தீனதயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் திட்டத்தில் வயது வரம்பு 35. மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் 45. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுடைய பிள்ளையானால், 2005-இல் முட்டுக்காட்டில் நிறுவப்பட்ட பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தை அணுகுங்கள். மாமல்லபுரத்திலிருந்து வடக்கே அதே கடற்கரைச் சாலையில் சென்றால் அது வந்துவிடும். சென்னை கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தேசிய தொழில் சேவை மையம் ஒன்றும் இயங்குகிறது.

இயன்றவரை, குறைபாடுள்ள பிள்ளையையும் இல்லாத பிள்ளையையும் ஒரே வகுப்பில் பயிலச் செய்வதே சிலாக்கியம். நாளைக்கு ஒரே பட்டறையில் பக்கத்தில் நிற்கப்போகிறவர்கள் இன்றைக்கே ஒருவரையொருவர் அறிந்துகொள்வார்கள்.

வேலைக்கு விண்ணப்பிக்கையில் குறைபாட்டை மறைக்க வேண்டாம். அரசுப் பணிகளில் நான்கு சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. தேர்வில் எழுத்தர் உதவி, கூடுதல் நேரம் ஆகியவற்றை விதிகளின்படி முன்கூட்டியே கோர வேண்டும். நேர்முகத் தேர்வுக்கு முன்பு, பெற்றோர் துணையின்றி அவ்விடத்துக்குப் பேருந்தில் போய்வரப் பழக்குங்கள்.

இனி நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது, வேலை கிடைத்த பிற்பாடு வரும் முதல் மூன்று மாதங்களைப் பற்றி. நியமன உத்தரவு வந்ததும் காரியம் பூர்த்தியாயிற்று என்று குடும்பமும் பயிற்சி நிலையமும் ஒதுங்கிவிடுகின்றன; பிள்ளை நின்றுவிடுவதும் அக்காலத்திலேயே. பயிற்சி அளித்தவர் ஒருவர் பணியிடத்துக்கே வந்து சில நாள் கூட நின்று, பிறகு வாரம் ஒருமுறை எட்டிப்பார்த்து, கிரமமாக விலக வேண்டும். இதற்கு ஆளைச் சேர்க்கும்போதே நிர்வாகத்தின் சம்மதத்தைப் பெறுங்கள். அறிவுவளர்ச்சி குறைந்த இளைஞனுக்கு வேலையைச் சிறு சிறு பகுதிகளாக்கி, வரிசைப்படி படமாகச் சுவரில் ஒட்டிவைக்கலாம். காது கேளாதவளுக்கு மணிக்குப் பதிலாக விளக்கு எரியும்படி அமைக்கலாம். பார்வையற்றவருக்குக் கணினித் திரையை வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. மென்பொருள் விலையின்றியே கிடைக்கிறது. சக தொழிலாளி ஒருவரைத் துணையாக நியமித்து, சந்தேகம் வந்தால் அவரையே கேட்கும்படி செய்தால், மேஸ்திரியின் கடுஞ்சொல்லுக்கு அஞ்சி ஓடிவருவது குறையும். குறைபாடில்லாத புதுப் பையன்களுக்கும் இந்தத் துணை பெரிதும் பிரயோஜனப்படும்.

இத்தகைய நியாயமான வசதிகளைச் செய்துதர ஒவ்வோர் அரசு நிறுவனமும் 2016-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 20-ஆம் பிரிவால் கடமைப்பட்டிருக்கிறது. தனியார் நிறுவனமும் தன் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிடுதல் வேண்டும். மறுக்கப்பட்டால் செங்கல்பட்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமோ, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடைபெறும் குறைதீர்க்கும் கூட்டத்திலோ எழுத்து மூலமாக மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.