ஐட்லிங் தடுமாறுகிறதா? த்ராட்டில் பாடியைத் துடைத்துப் பாருங்கள்

சென்னையின் பாடி சிக்னலில் நிற்கும்போது ஆர்.பி.எம். முள் ஏறி இறங்குகிறது. ஏசி போட்டால் வண்டி குலுங்குகிறது. கரையான்சாவடி நெரிசலில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் ஆஃப் ஆகிவிடுகிறது. பெட்ரோல் காரில் இவை சேர்ந்து வந்தால் த்ராட்டில் பாடியைச் சந்தேகிக்கலாம். ஆனால் ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும், வேக்யூம் ஹோஸ் வெடித்திருந்தாலும், ஸ்பார்க் ப்ளக் தேய்ந்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே தொல்லைதான். பூந்தமல்லி சாலைப் புழுதியைத் தினமும் குடிக்கும் வண்டி என்றால் முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். டாஷ்போர்டில் செக் லைட் எரிந்தால், ஸ்கேனர் வைத்து கோடு பார்த்த பிறகே மற்றதெல்லாம். டீசல் வண்டிக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. வாரண்டியில் இருக்கும் காரைத் திறக்கவே வேண்டாம்.

ஏர் ஃபில்டருக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் நடுவே இருக்கும் குழல்தான் த்ராட்டில் பாடி. உள்ளே ஒரு வட்டத் தகடு. மெக்கானிக்குகள் பட்டர்ஃபிளை என்பார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அது திறந்து காற்றை விடும்.

ஃபில்டரைத் தாண்டி உள்ளே வரும் தூசி கொஞ்சம்தான். அழுக்கின் பெரும்பங்கு எஞ்சின் தந்தது. எஞ்சினின் அடிவயிற்றில் சேரும் எண்ணெய் ஆவியை வெளிக்காற்றில் விடக் கூடாது என்பதால், ப்ரீதர் ஹோஸ் வழியாகக் காற்றுப் பாதைக்கே திருப்பிவிடுகிறார்கள். அது பட்டர்ஃபிளை விளிம்பில் படிந்து, சூட்டில் காய்ந்து, கருப்பு வளையமாகிறது. வெளிவட்டச் சாலையில் வேகமாகப் போகும்போது தகடு நன்றாகத் திறந்திருக்கும். வளையம் இருப்பதே தெரியாது. எம்.டி.எச். ரோட்டில் ஊர்ந்து அம்பத்தூர் ஓ.டி. வந்து சேர்வதற்குள் தெரிந்துவிடும். ஐட்லிங்கில் தகடு ஏறக்குறைய மூடியே இருக்கும். காற்று மயிரிழை இடைவெளியில்தான் நுழைய வேண்டும். அங்கே கரி படியப் படிய, எஞ்சினின் கம்ப்யூட்டர் தகட்டையோ ஐட்லிங் வால்வையோ கூடுதலாகத் திறந்து சமாளித்துக்கொண்டே வரும். சமாளிக்க முடியாத நாளில்தான் விஷயம் நம் காதுக்கு எட்டுகிறது.

எனவே தொல்லை இல்லாத வண்டியைத் தொட வேண்டாம் என்பதே என் கட்சி. ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் ‘த்ராட்டில் பாடி கிளீனிங்’ என்று ஒரு வரி வந்தால், ஏன் என்று கேளுங்கள்.

வேலைக்கு வேண்டியவை: த்ராட்டில் பாடி கிளீனர் ஸ்ப்ரே ஒன்று, பத்தாம் நம்பர் ஸ்பேனர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், மென்மையான பழைய டூத் பிரஷ், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, நூல் உதிராத மைக்ரோஃபைபர் துணி. பட்டறைகளில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் வேண்டாம். அதன் இழை எஞ்சினுக்குள் போகும். கார்பரேட்டர் கிளீனரும் வேண்டாம். சில பட்டர்ஃபிளைகளில் பூச்சு உண்டு, அதை அது அரித்துவிடலாம்.

ஞாயிறு அதிகாலை நல்ல நேரம். எஞ்சின் இரவெல்லாம் ஆறியிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. ஸ்ப்ரே எளிதில் தீப்பிடிப்பது. அபார்ட்மென்ட் தரைத்தளத்தில் தண்ணீர் மோட்டார் ஓடும் மூலையை விட்டு, காற்றோட்டமான இடத்துக்கு வண்டியைக் கொண்டுவாருங்கள். பீடி, சிகரெட், ஊதுவத்தி எதுவும் பக்கத்தில் கூடாது.

ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கை வைக்கும் முன் ஒவ்வொரு ஹோஸையும் கனெக்டரையும் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கிளாம்பைத் தளர்த்தி ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றவும். வழியில் சென்சார் கனெக்டர் இருந்தால் அதன் பூட்டை அமுக்கி எடுக்கவும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. இப்போது பட்டர்ஃபிளை கண்ணுக்குத் தெரியும்.

உங்கள் வண்டி எந்த வகை என்று இங்கே பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய மாடல்களில் ஆக்ஸிலரேட்டர் கேபிள் நேராக வந்து இணையும். கையால் தகட்டைத் திறந்து பின்பக்கத்தையும் துடைக்கலாம். புதியவற்றில் கேபிள் கிடையாது, மோட்டார்தான் தகட்டைத் திருப்பும். அதை விரலால் தள்ளினால் உள்ளே உள்ள பல்சக்கரம் கெடலாம். யாரையாவது சாவி போட்டு மிதிக்கச் சொல்லி அந்த இடைவெளியில் விரல் விடுவது அதைவிட மோசம். மிதித்தவர் காலை எடுத்த கணத்தில் தகடு விரலை நசுக்கும். மூடிய நிலையிலேயே முன்பக்கத்தையும் விளிம்பையும் துடைத்து நிறுத்திக்கொள்ளுங்கள். பின்பக்கமும் மோசமாக இருந்தால், முழுதாகக் கழற்றும் வேலையை மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. பல வண்டிகளில் கூலன்ட் ஹோஸும் இதோடு இணைந்திருக்கும், பேக்கிங்கும் மாற்ற வேண்டிவரும்.

ஸ்ப்ரேயைக் குழலுக்குள் பீய்ச்சாதீர்கள். துணியில் அடித்துத் துடையுங்கள். விடாப்பிடியான கரிக்கு பிரஷில் அடித்துத் தேயுங்கள். உலோகக் கம்பி, உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். காற்றை அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சார் குழாயில் இருந்தால் அதன்மேல் ஒரு துளிகூடப் படக் கூடாது. துணி கருப்பாக வருவது நின்றதும் போதும்; பளபளப்பு வேண்டியதில்லை.

படத்தைப் பார்த்து எல்லாவற்றையும் மாட்டுங்கள். குழாய் கிளாம்ப் சரியாக உட்காராவிட்டால் தூசியும் திருட்டுக் காற்றும் அந்த வழியே நுழையும், பழைய தொல்லையே திரும்ப வரும்.

முதல் ஸ்டார்ட் கொஞ்சம் இழுக்கும், சிறிது புகையும் வரலாம். பயப்பட வேண்டாம், ரேஸும் செய்ய வேண்டாம். சில வண்டிகளில் ஐட்லிங் திடீரென உயர்ந்து நிற்கும்: கரிக்கு ஈடாக அதிகம் திறக்கப் பழகிய கம்ப்யூட்டர், சுத்தமான தகட்டையும் அதே அளவு திறக்கிறது. ரேடியேட்டர் ஃபேன் ஓடும்வரை ஏசி இல்லாமல் விடுங்கள், பிறகு ஏசி போட்டுச் சில நிமிடம் விடுங்கள், அப்புறம் திருமுல்லைவாயல் வரை ஓட்டிவிட்டு வாருங்கள். பல கார்கள் இதற்குள் கற்றுக்கொள்ளும். சில கார்களுக்கு ஸ்கேனரில் ‘ஐடில் லேர்னிங்’ செய்தே ஆக வேண்டும்; உங்கள் மாடலுக்கு எது என்று பேட்டரியைக் கழற்றும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். சூடேறிய எஞ்சினில் ஏசி இல்லாமல் முள் 700 முதல் 850க்குள் அசையாமல் நின்றால் பெரும்பாலான சிறிய கார்களுக்குச் சரி. அப்போதும் ஆடினால் மறுபடி ஸ்ப்ரேயை எடுக்காதீர்கள்; வேக்யூம் ஹோஸ்களையும், கேபிள் வண்டி என்றால் ஐட்லிங் வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள்.