ஓய்வுக்கும் கணக்கு உண்டு



கை வேகமாய் ஓடாதவர்களும் கீபோர்டு சீக்வென்சரில் பாட்டு ஏற்றலாம். அதற்குத்தான் ‘ஸ்டெப்’ முறை. 1977-ல் வந்த ரோலண்ட் எம்சி-8 கருவியிலேயே சுரங்களை எண்களாக ஒவ்வொன்றாய் ஏற்றினார்கள்.

1. தாளத்தையும் சுரத்தின் நீளத்தையும் தெரிந்தெடுங்கள்.

2. கட்டையை அழுத்துங்கள். சுரம் பதிவாகி, கருவி அடுத்த இடத்துக்கு நகரும். அவசரமே வேண்டாம்.

3. மௌனமான இடத்தில் ‘ரெஸ்ட்’ கொடுங்கள்.

அம்பத்தூரில் ஒரு ஆராதனைக்கு நான் ஒரே ஒரு ரெஸ்டை விட்டுவிட்டேன். அதற்குப் பின் எல்லாச் சுரமும் ஒரு பீட் முந்திவிட்டது. சபையார் ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம்! வெட்கத்தோடு நிறுத்தினேன்.

ஆகவே நாலு பீட் தாளமானால், ஒவ்வொரு பாரையும் கூட்டிப் பாருங்கள்: 1 + ½ + ½ + 1 + ஓய்வு 1 = 4. குறைந்தால் அங்கேயே திருத்துங்கள். வாசிக்காத இடத்துக்கும் கணக்கு உண்டு, பிரியமானவர்களே!